தூக்கத்தைத் தின்னும் ரோஸ்டர்: குட்டி விமான பைலட்டுகளின் வேலை நேரம் எப்படி இருக்கிறது?

2008 பிப்ரவரி 13. ஹவாய் தீவுகளில் ஹோனலூலுவிலிருந்து ஹீலோ என்ற ஊருக்கு ஒரு சிறிய ஜெட் விமானம் கிளம்பியது. உள்ளே 40 பயணிகள். முக்கால் மணி நேரப் பயணம், அவ்வளவுதான். நம்மூர்க் கணக்கில் சென்னை - திருச்சி மாதிரி.

காலை ஒன்பதரை மணிக்கு மேல் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிடுகிறார்கள். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார்கள். 18 நிமிடம் இப்படியே போகிறது. விமானம் 21,000 அடி உயரத்தில் நேர்கோட்டில் பறந்து, இறங்க வேண்டிய ஹீலோவையும் தாண்டி, பசிபிக் கடலுக்கு மேல் சுமார் 48 கிலோமீட்டர் போய்விட்டது. அப்புறம்தான் காக்பிட்டிலிருந்து குரல் வந்தது. விமானம் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

என்ன ஆச்சு? கேப்டனும் தூங்கிவிட்டார், துணை விமானியும் தூங்கிவிட்டார். ராத்திரி இல்லை, பட்டப்பகலில்!

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு கேப்டனுக்கு இருந்திருக்கிறது. அது அதுவரை கண்டுபிடிக்கப்படவே இல்லை. கூடவே இன்னொரு காரணத்தையும் வாரியம் சொன்னது. அன்றோடு சேர்த்து, தொடர்ந்து மூன்றாவது நாளாக இருவருக்கும் அதிகாலை 5.40-க்கு டியூட்டி. அந்த நேரத்துக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டுமென்றால் நாலு மணிக்காவது எழுந்தாக வேண்டும். ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம். மூன்று நாள் சேர்ந்தால் கடன்மாதிரி ஏறிக்கொண்டே போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய ரோஸ்டர் அன்றைய சட்டப்படி சரியானதுதான். பறக்கும் நேரம், ஓய்வு நேரம் எல்லாம் கணக்குக்குள் இருந்தன. தூக்கம் மட்டும் கணக்கில் இல்லை.

பெயிண்ட் ஒருத்தருடையது, பைலட் வேறொருத்தருடையவர்

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊருக்கு டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் என்று எந்தப் பெரிய நிறுவனத்தில் டிக்கெட் எடுத்தாலும், கடைசிக் கட்டப் பயணத்துக்கு வரும் விமானம் பெரும்பாலும் 50 முதல் 76 இருக்கை கொண்ட குட்டி விமானமாக இருக்கும். வால் பகுதியில் பெரிய நிறுவனத்தின் பெயிண்ட். டிக்கெட்டிலும் 'டெல்டா கனெக்‌ஷன்', 'யுனைடெட் எக்ஸ்பிரஸ்', 'அமெரிக்கன் ஈகிள்' என்றுதான் போட்டிருக்கும். ஆனால், அதை இயக்குவது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய், பிஎஸ்ஏ போன்ற வேறு நிறுவனங்கள். இவற்றைத்தான் 'ரீஜனல்' ஏர்லைன்ஸ் என்கிறார்கள். சில தனி நிறுவனங்கள். சில பெரிய நிறுவனத்துக்கே சொந்தமானவை. ஆனாலும் தனிக் கணக்கு, தனிச் சம்பளப் பட்டியல்.

நம்மூரில் அரசு அலுவலகத்துக்கு ஒப்பந்தக் கார் ஓடுவதுபோல நினைத்துக்கொள்ளலாம். போர்டு அரசாங்கத்துடையது, டிரைவர் ஒப்பந்ததாரருடைய ஆள். இங்கேயும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் டிக்கெட் விலையை முடிவு செய்வது, எரிபொருள் செலவைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பெரிய நிறுவனம்தான். ரீஜனல் நிறுவனத்துக்கு இத்தனை டிரிப்புக்கு, இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகை வரும். அடுத்த ஒப்பந்தத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் போட்டியாளரைவிடக் குறைத்துச் சொல்ல வேண்டும். எரிபொருளில் கை வைக்க முடியாது, விமானத்தின் விலையிலும் பெரிதாகக் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது ஆள் செலவுதான்.

இன்னொரு வித்தியாசம் வேலையின் தன்மையில். நியூயார்க் - லண்டன் பைலட் எக்ஸ்பிரஸ் பஸ் டிரைவர் என்றால், ரீஜனல் பைலட் டவுன் பஸ் டிரைவர். ஒரே நாளில் நாலு, ஐந்து, சில சமயம் ஆறு முறை ஏறி இறங்குவார். விமானம் ஓட்டுவதில் கஷ்டமான வேலை புறப்படுவதிலும் இறங்குவதிலும்தான். நடுவில் ஆட்டோ பைலட் பார்த்துக்கொள்ளும். குட்டி விமானத்தில் அந்த 'நடுவில்' என்பதே அரை மணி நேரம்தான்.

பிரேக் எடுத்தால்தான் மீட்டர் ஓடும்

சம்பளக் கணக்கைக் கேட்டால் வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவில் பைலட்டுக்கு மணிக் கணக்கில் சம்பளம். அந்த மணி எப்போது ஓடத் தொடங்கும்? டியூட்டிக்கு வந்து கையெழுத்துப் போட்டதும் இல்லை. கதவைச் சாத்தி, பார்க்கிங் பிரேக்கை எடுத்து, விமானம் கேட்டிலிருந்து நகரும்போதுதான். அடுத்த ஊரில் போய் நின்றதும் மீட்டர் நின்றுவிடும்.

அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வானிலை, எரிபொருள், எடைக் கணக்கு, விமானத்தைச் சுற்றி வந்து பார்ப்பது எல்லாம் இருக்கிறது. இரண்டு டிரிப்புக்கு நடுவே மூன்று மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கும். இந்த நேரத்துக்கெல்லாம் வழக்கமாக வருவது மணிக்கு ஓரிரு டாலர் பேட்டாதான். 12 மணி நேரம் டியூட்டியில் இருந்துவிட்டு ஐந்து மணி நேரச் சம்பளத்தோடு ஹோட்டலுக்குப் போகும் நாட்கள் சகஜம். மாதத்துக்குக் குறைந்தது சுமார் 75 மணி நேரம் என்று ஒரு உத்தரவாதம் இருப்பதால் வண்டி ஓடுகிறது.

ஆக, பைலட்டின் கையில் இரண்டு கடிகாரம். ஒன்று சம்பளத்தை எண்ணுகிறது. இன்னொன்று உடம்பு எண்ணுகிற கடிகாரம். இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால், காத்திருக்கும் நேரத்துக்குச் செலவு குறைவு. அதனால் அதை ரோஸ்டரிலிருந்து நீக்க வேண்டும் என்ற அவசரமும் அவ்வளவாக இல்லை.

எல்லாம் சீனியாரிட்டிதான்

மாதா மாதம் ரோஸ்டருக்கு 'பிட்' போட வேண்டும். எந்த டிரிப் வேண்டும், எந்த நாள் லீவு வேண்டும் என்று பைலட்டுகள் விருப்பத்தைக் கொடுப்பார்கள். வேலையில் சேர்ந்த தேதிப்படி, முதல் ஆளில் தொடங்கிக் கடைசி ஆள் வரை அது பிரித்துக் கொடுக்கப்படும். திறமை, அனுபவம், குடும்பச் சூழல் எதற்கும் இதில் இடமில்லை. 15 வருட அனுபவம் உள்ள கேப்டன் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அங்கே கடைசி நம்பர். கிறிஸ்துமஸ் அன்று யார் வீட்டில் இருப்பார், யார் ஏதோ ஒரு ஊர் ஹோட்டலில் இருப்பார் என்பதை அந்த நம்பர்தான் முடிவு செய்யும்.

கீழே இருப்பவர்களுக்கு டிரிப்பே கிடைக்காது, 'ரிசர்வ்' கிடைக்கும். நம்மூர் பஸ் டிப்போவில் 'ஸ்பேர்' டிரைவர் என்பார்களே, அதேதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் இரண்டு மணி நேரம்போல விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வரலாம், வராமலும் போகலாம். காலை ஆறு மணியிலிருந்து ரிசர்வ் என்று வையுங்கள். எட்டு மணி நேரம் சும்மா இருந்த பிறகு மதியம் இரண்டு மணிக்கு போன் வருகிறது, வேலை ராத்திரி எட்டு வரை. எப்போது தூங்குவது? மத்தியானம் தூங்கலாம் என்றால், போன் எப்போது வரும் என்ற நினைப்பிலேயே தூக்கம் வராது. இன்றைய அமெரிக்க விதிப்படி இந்தக் காத்திருப்பு ஒரு நேரத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

வேலைக்குப் போகவே ஒரு விமானப் பயணம்

இந்தத் தொழிலின் மிக விசித்திரமான பகுதி இதுதான். பைலட்டுக்கு நிறுவனம் ஒரு 'பேஸ்' ஒதுக்கும். நியூவர்க், சிகாகோ, டல்லாஸ் என்று ஏதாவது ஒன்று. டிரிப் அங்கிருந்துதான் தொடங்கும். ஆனால், பைலட் அங்கே குடியிருப்பதில்லை. ஏன்? பெரிய ஊர் வாடகையை ஆரம்பச் சம்பளத்தில் தாங்க முடியாது. தாங்கினாலும், ஒப்பந்தம் கைமாறினால் ஒரே நோட்டீஸில் பேஸை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் பெண்டாட்டி பிள்ளையோடு வீடு மாற்ற முடியுமா? அதனால் சொந்த ஊரில் இருந்துகொண்டு, வேறு விமானத்தில் காலியாக இருக்கும் சீட்டில் இலவசமாக ஏறி வேலைக்கு வருகிறார்கள். பேஸ் இருக்கும் ஊரில் தலை சாய்க்க, ஏழெட்டுப் பேர் சேர்ந்து அடுக்குக் கட்டில் போட்ட ஒரு ஃபிளாட். அதற்குப் பெயர் 'கிராஷ் பேட்'. விமானிகள் வாயில் வரக் கூடாத சொல், ஆனால் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

இது வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஒரு விபத்தால். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் இறங்கும் நேரத்தில் கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தனர். டிக்கெட்டில் இருந்த பெயர் 'கான்டினென்டல் கனெக்‌ஷன்'. ஓட்டியது கோல்கன்.

துணை விமானி 24 வயதுப் பெண். ஆண்டுச் சம்பளம் 25,000 டாலர்கூட இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் சில காலம் காபிக் கடையிலும் பகுதி நேரம் வேலை பார்த்திருக்கிறார். குடியிருந்தது நாட்டின் மேற்குக் கோடியில், சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டில். பேஸ் கிழக்குக் கோடியில் நியூவர்க். விபத்துக்கு முந்தைய நாள் மாலை சியாட்டிலில் சரக்கு விமானம் ஒன்றில் ஏறி, நடு இரவில் மெம்ஃபிஸில் இறங்கி, அங்கே காத்திருந்து இன்னொரு சரக்கு விமானம் பிடித்து, காலை ஆறரை மணியை ஒட்டி நியூவர்க் வந்து சேர்ந்தார். கேப்டன் குடியிருந்தது ஃபுளோரிடாவில். முந்தைய இரவை அவர் கழித்தது நிறுவனத்தின் ஊழியர் அறையில். அங்கே இரவு தூங்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி! அன்று விமானமும் தாமதம். கிளம்பியதே இரவு ஒன்பது மணிக்கு மேல்.

காக்பிட் ஒலிப்பதிவில், தனக்கு உடம்பு சரியில்லை என்று துணை விமானி சொல்வது பதிவாகியிருக்கிறது. வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டேன், இங்கே வந்த பிறகு லீவு சொன்னால் குணமாகும் வரை ஹோட்டல் செலவு என் தலையில் என்ற பொருளில் பேசுகிறார். அந்தச் சம்பளத்தில் நியூவர்க்கில் ஒரு ஹோட்டல் அறை என்பது சின்னச் செலவில்லை.

விபத்துக்கு நேரடிக் காரணம் களைப்பு என்று வாரியம் சொல்லவில்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேகம் குறைந்து எச்சரிக்கை அதிர்வு வந்தபோது கேப்டன் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாக, மூக்கைத் தூக்கும் திசையில் கட்டுப்பாட்டை இழுத்துவிட்டார் என்பதுதான் முக்கியக் கண்டுபிடிப்பு. களைப்பு இருவரின் செயல்பாட்டையும் பாதித்திருக்கக் கூடும், எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அறிக்கை நிறுத்திக்கொண்டது. வாரியத் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் மட்டும், களைப்பையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. முந்தைய இரவு முழுவதும் விமானம் மாறி மாறி வந்தவர் களைப்பாக இருந்திருக்க மாட்டார் என்று யாரால் சொல்ல முடியும்?

விசாரணையில் வெளிவந்த ஒரு கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நியூவர்க்கை பேஸாகக் கொண்ட கோல்கன் பைலட்டுகள் 137 பேரில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்துபோனவர்கள். அதில் 29 பேரின் வீடு 1,000 மைலுக்கும் அப்பால்.

விதி என்ன மாறியது?

களைப்பைப் பற்றி வாரியம் எச்சரித்தது இது முதல் முறை அல்ல. 2004 அக்டோபரில் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் கார்ப்பரேட் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 13 பேர் இறந்தபோது, பைலட்டுகள் அன்றைய ஆறாவது டிரிப்பில், டியூட்டியின் பதினைந்தாவது மணி நேரத்தில் இருந்தார்கள். களைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று அப்போதே எழுதப்பட்டது. விதி நகரவில்லை. கோல்கன் விபத்தில் உறவுகளை இழந்த குடும்பங்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்த பிறகுதான் 2010-ல் புதுச் சட்டம் வந்தது. அதன் அடிப்படையிலான புதிய பணிநேர விதி 2014 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்தது.

பழைய விதியில் 16 மணி நேரம் வரை டியூட்டி இழுக்கலாம், ஓய்வை எட்டு மணி நேரமாகச் சுருக்கலாம். அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் ஹோட்டல் வேனுக்குக் காத்திருப்பது, சாப்பாடு, குளியல், தூக்கம், மறுபடி வேன் எல்லாம். புதிய விதியில் ஓய்வு குறைந்தது 10 மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் இடையூறில்லாமல் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். டியூட்டி நேரமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்றிரண்டு டிரிப் மட்டும் என்றால் 14 மணி நேரம் வரை போகலாம். அதே நேரத்தில் தொடங்கி ஆறு டிரிப் என்றால் 12 மணி நேரம். நள்ளிரவு தாண்டித் தொடங்கினால் 9 மணி நேரம்தான். எத்தனை முறை இறங்குகிறோம், எந்த நேரத்தில் எழுகிறோம் என்பதை முதல் முறையாகச் சட்டம் எண்ணத் தொடங்கியது. ரீஜனல் பைலட்டுகளுக்கு இது பெரிய விஷயம். (சரக்கு விமானங்களுக்கு இந்த விதி கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். சரக்கு விமான பைலட்டுக்கும் அதே உடம்புதானே என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.)

எண்ணாமல் விட்டதும் இருக்கிறது. வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் பயணம் டியூட்டியில் சேராது. அது பைலட்டின் சொந்த நேரம். ஓய்வெடுத்துத் தயாராக வர வேண்டியது அவர் பொறுப்பு. ஒவ்வொரு டியூட்டிக்கும் முன் 'நான் தகுதியாக இருக்கிறேன்' என்று பைலட் உறுதி கொடுக்க வேண்டும். வெளியூர்ப் பயணத்தையும் வரைமுறைப்படுத்தலாமா என்று நாடாளுமன்றம் கேட்டு, 2011-ல் ஒரு நிபுணர் குழு ஆராய்ந்தது. விதி போடும் அளவுக்குத் தரவு இல்லை என்று சொல்லிவிட்டது.

களைப்பாக இருக்கிறது, ஓட்ட மாட்டேன் என்று சொல்ல பைலட்டுக்கு உரிமை உண்டு. நிறுவனம் வற்புறுத்த முடியாது. ஆனால், பல நிறுவனங்களில் அதற்குப் பிறகு ஒரு குழு உட்கார்ந்து, களைப்பு ரோஸ்டரால் வந்ததா, சொந்தக் காரணத்தால் வந்ததா என்று பார்க்கும். சொந்தக் காரணம் என்று முடிவானால் சம்பளத்திலோ லீவிலோ கை வைப்பார்கள். அதுதான் யோசிக்க வைக்கிறது.

சம்பளம் ஏறியது, ஊர்கள் தொலைந்தன

2010 சட்டம் இன்னொன்றும் செய்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்றது. முன்பு 250 மணி நேரத்திலேயே உட்கார முடிந்தது. புது ஆட்கள் வருவது மெதுவானது. 2020-ல் கோவிட் வந்தபோது பெரிய நிறுவனங்கள் மூத்த பைலட்டுகளுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பின. பயணிகள் திரும்பி வந்ததும் அந்த இடங்களுக்கு ரீஜனல் கேப்டன்களைத்தான் இழுத்தன.

அப்போதுதான் சம்பளம் நகர்ந்தது. ஒரு காலத்தில் மணிக்கு 20 டாலரைச் சுற்றி இருந்த ஆரம்பச் சம்பளத்தை, 2022-ல் என்வாய், பிஎஸ்ஏ, பீட்மான்ட் நிறுவனங்கள் 90 டாலருக்குக் கொண்டுபோயின. மறுபக்கம், அதே ஆண்டு மார்ச்சில் அரசு மானியத்தில் ஓட்டிவந்த 29 சின்ன ஊர்ச் சேவைகளிலிருந்து விலகிக்கொள்வதாக ஸ்கைவெஸ்ட் நோட்டீஸ் கொடுத்தது. காரணம், பைலட் இல்லை. மலிவான பைலட்டை நம்பி ஓடிய ஊர்கள் எத்தனை என்று அப்போதுதான் தெரிந்தது. சம்பளம் ஏறினாலும் சீனியாரிட்டி, ரிசர்வ், பிரேக் எடுத்தால் ஓடும் மீட்டர் எதுவும் மாறவில்லை.

இங்கே எப்படி?

இந்தியாவில் அமைப்பு வேறு. அலையன்ஸ் ஏர், ஸ்டார் ஏர் போன்ற தனி நிறுவனங்கள் இருந்தாலும், சென்னை - தூத்துக்குடி போன்ற தடங்களில் நாம் ஏறும் 78 இருக்கை ஏடிஆர் விமானத்தை இண்டிகோ தானே ஓட்டுகிறது. ஆனால், அதிகாலை டியூட்டி, அடுத்தடுத்த டிரிப், ஸ்டேண்ட்பை எல்லாம் இங்கேயும் உண்டு.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2024 ஜனவரியில் புதிய பணிநேர விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36-லிருந்து 48 மணி நேரமானது. 'இரவு' என்பது காலை ஐந்து மணி வரை என்றிருந்தது ஆறு மணி வரை நீண்டது. இரவில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகச் சுருங்கியது. நிறுவனங்கள் எதிர்த்தன, அமல் தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது.

அடுத்த மாதமே என்ன நடந்தது என்பது விமான நிலையத்தில் பெட்டியோடு காத்துக் கிடந்தவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். புதிய கணக்குக்குத் தேவையான பைலட்டுகள் இல்லாமல் இண்டிகோவின் அட்டவணை சரிந்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்பே வெளியான விதி அது. அன்றைய தினமே இரவுப் பணி தொடர்பான சில விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு தரப்பட்டது.

அதோடு, எல்லா நிறுவனங்களுக்குமான ஒரு வரியும் அன்று திரும்பப் பெறப்பட்டது. பைலட் எடுக்கும் லீவை வார ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதுதான் அந்த வரி.